ஏழாம் பக்கத்துப் பெட்டி

...அப்படியானால் நானும் அந்த அறுபத்திரண்டு சதவீதத்தில் ஒருவன், இதை யோசிக்காமலே மூன்று மாதமாக அந்த எண்ணைப் பதினோரு இடத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன், வெளிநாட்டுக்குப் படிக்கச் சென்றவர்களில் அறுபத்திரண்டு சதவீதத்தினர் பட்டதாரிகளாக நாடு திரும்பியுள்ளனர் என்று. எப்படி எடுத்த கணக்கு இது, மாணவர் விசாவில் போனவர்கள் பட்டியல் ஒரு பக்கம், விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் பட்டியல் மறுபக்கம், இரண்டிலும் பெயர் இருந்தால் பட்டதாரி. அவ்வளவுதான். இறங்கியவன் கையில் சான்றிதழ் இருந்ததா, அழுக்குத் துணிப்பை இருந்ததா என்று எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை. போனான் என்றால் முடிக்கத்தானே போனான், வந்தான் என்றால் முடித்துத்தானே வந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் குடியேற்றக் கவுண்டரில் தூங்கி வழிந்துகொண்டு நின்றேனே, அந்த நொடியில் அரசாங்கம் எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டது போல, ஒருத்தரும் சொல்லவில்லை.

மணி இரண்டரை. ஏசி ஓடுகிறது, ஆனால் காற்று என் மேஜைக்கு வராது, ஒப்பந்த ஆட்களின் மேஜை தூணுக்குப் பின்னால். திரையில் இரண்டு கோப்புகள், இடது பக்கம் பழைய தேசிய உத்தி, வலது பக்கம் புதுப்பிக்கப்பட்ட தேசிய உத்தி. சர்வதேசக் கல்விக்கான தேசிய உத்தியைப் புதுப்பிப்பது என்றால் ஏதோ பெரிய மூளைகள் உட்கார்ந்து யோசிக்கிற காரியம் என்று வேலைக்குச் சேரும்போது நினைத்திருந்தேன். வருஷத்தை மாற்ற வேண்டும், அதுதான் முதல் வேலை. போன உத்தியில் எட்டாத இலக்கு எல்லாம் இந்த உத்தியில் ஐந்து வருஷம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஆலோசகர் வருவார், நல்ல சட்டை, நல்ல செருப்பு, சவால் என்று எங்கே இருந்தாலும் வாய்ப்பு என்று மாற்றச் சொல்வார். ஒரு தடவை தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன், திரும்பி வந்து பார்த்தால் உறைவிட வாய்ப்பு, இனவெறி வாய்ப்பு, மனச்சோர்வு வாய்ப்பு... பக்கத்து மேஜைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். அவருக்கு ‘கமா’ என்று பெயர், வாக்கியத்தில் மூச்சு விட இடம் கிடைத்தால் ஒரு கமா போட்டுவிடுவார், இந்தத் துறையில் இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறார், அவர் திருத்திய எந்த ஆவணத்தையும் ஒருத்தன் படித்து அவர் பார்த்ததில்லையாம். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இயக்குநர் மேடம் தூணைச் சுற்றி வந்து நின்றார், இந்தப் பக்கம் அவர் வருவது அபூர்வம், நான் எழுந்தேன், கமா பாதி எழுந்தார். கையில் ஒரு அச்சுத் தாள். “தம்பி, பொதுமக்கள் கருத்துல நானூத்திப் பன்னிரண்டாவது பாத்தியா? அருமையா இருக்கு. ஏழாம் பக்கத்துல பெட்டி கட்டிப் போட்டுடலாம். அமைச்சர் பேச்சுலயும் சேத்துக்கலாம்னு ஆலோசகர் சொல்றார். அனுப்பினவங்ககிட்ட ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுடு, அஞ்சு மணிக்குள்ள அச்சுக்குப் போகணும்.” சரிங்க மேடம். தாளை வாங்கிப் படித்தேன். ‘என் அண்ணன் வெளிநாட்டில் மேலாண்மை படித்தவன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போவான். இன்று அரசு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறான். அவனைப் பார்த்துத்தான் நானும் போகிறேன். அவன்...’ அதோடு நின்றது. அதற்குக் கீழே ஆலோசகரின் பச்சை மையில், ராத்திரி முழுக்க என்பதை அடித்துவிட்டு ‘பகுதிநேரப் பணி அனுபவத்துடன்’, படித்தவன் என்பதை அடித்துவிட்டு ‘வெற்றிகரமாகப் பட்டம் பெற்றவர்’. கமா எட்டிப் பார்த்தார். “இது உன்னை மாதிரியே இருக்கேப்பா. நீயும் ஃபாரின்ல படிச்சவன்தானே. ஏறிப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கோ, கதவை நான் சாத்துறேன்.” நானும் சிரித்தேன். சிரிக்கிறபோது காதுமடல் சூடாவது எனக்கே தெரிந்தது.

என்னை மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள், ராத்திரி வேலை பார்த்தவன், மேலாண்மை படிக்கப் போனவன், தங்கை உள்ளவன், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்... அவளாக இருக்காது, அவளுக்கு இதில் எல்லாம் எங்கே நேரம், இன்னும் பத்தொன்பது நாளில் விமானம், வீடு முழுக்கப் பெட்டியும் பட்டியலுமாகக் கிடக்கிறது. தினமும் ஒரு கேள்வி கேட்பாள், குளிர் எப்படிண்ணா, கோட்டு இங்கேயே வாங்கட்டுமா அங்கே வாங்கட்டுமா, பேருந்துக்கு அட்டையா சீட்டா. நானும் பதில் சொல்வேன், பெரிய இவன் மாதிரி. கோட்டு அங்கே வாங்கு. பேருந்துக்கு அட்டை. நூலகம் ராத்திரியும் திறந்திருக்கும். இதெல்லாம் பொய் இல்லை, நூலகம் திறந்துதான் இருந்தது, நான் அதில் தூங்கினேன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, முன்னால் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, யாராவது கடந்துபோனால் பக்கத்தைத் திருப்புவதற்குக் கை தானாகப் பழகியிருந்தது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, விரிப்புகளைப் பிரித்துப் பிரித்து மெஷினுக்கு ஓடுகிற பட்டையில் போட வேண்டும், ரத்தக்கறை ஒரு தொட்டி, மற்ற கறை ஒரு தொட்டி, சில நேரம் விரிப்புக்குள் மோதிரம் கிடைக்கும், ஒரு தடவை பல்செட் கிடைத்தது. ஒன்பது மணிக்கு வகுப்பு. ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, ஆசிரியர் என்னிடம் ஏதோ கேட்டார், கேள்வி காதில் விழுந்தது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்தது, சேர்த்துப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் பதினாலு மாதம் அங்கே இருந்தேன். எதற்கு இருந்தேன்? திரும்பி வருவதற்கு ஒரு நியாயமான தேதி வேண்டாமா, படிப்பு முடிகிற தேதி வரைக்கும் இருந்தேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கல்லூரி வளாகத்துப் படிக்கட்டுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்வேன், பின்னால் பசங்கள் பேசுகிற சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக இரண்டு பேருந்து மாறிப் போவேன்.

சம்மதம் வாங்க வேண்டுமென்றால் தொலைபேசி எண் வேண்டும், அது எங்கள் அட்டவணையில் இருக்காது. அட்டவணையில் கருத்து எண், வகை எண், கருத்து, மூன்றே பத்தி. இணையப் படிவத்திலிருந்து இறக்கும்போது ஒவ்வொரு கருத்தும் இருநூறு எழுத்தோடு வெட்டுப்படும், முதல் நாளே ஆலோசகரிடம் சொன்னேன், அவர் சொன்னார், “விஷயம் இருக்கிறவன் முதல் ரெண்டு வரியிலயே சொல்லிடுவான் தம்பி, மத்ததெல்லாம் புலம்பல்.” அறுநூற்று முப்பத்தெட்டுக் கருத்து, இரண்டு இரண்டு வரியாகப் படித்து பதினாலு வகையில் ஒன்றைப் போட்டேன். கல்வித்தரம் ஒன்று, விசா இரண்டு, தங்குமிடம் மூன்று, பெருமிதம் ஒன்பது. நானூற்றுப் பன்னிரண்டுக்கும் நான்தான் ஒன்பது போட்டிருக்கிறேன், என் கையால், எந்த நாளில் என்றே நினைவில்லை. பெருமிதம்! ஒரு நாளைக்கு அறுபது கருத்து முடிக்க வேண்டும், யார் வீட்டு அண்ணன் என்று யோசிக்கவா முடியும்? மூலப் பதிவைத் திறக்க மேடத்தின் கடவுச்சொல் வேண்டும், அதை அவரே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போட்டேன். சுற்றியது, சுற்றியது, திறந்தது. முதலில் எண்தான் தெரிந்தது. மாதாமாதம் நான் ரீசார்ஜ் செய்கிற எண். கடைசி நாலு இலக்கம் பார்த்ததும் கண் அடுத்த வரிக்குப் போகாமல் அங்கேயே நின்றது, பார்க்காமல் மூடிவிடலாமா, எண் வேலை செய்யவில்லை என்று மேடத்திடம் சொன்னால் வேறு பெட்டி தேடிக்கொள்வார்கள், நானூற்றுப் பதின்மூன்று கூடப் பெருமிதம்தான்...

‘அவன் படிப்பை முடிக்கவில்லை. முடித்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறான். ஒரு தடவை போனில் பின்னால் பெரிய மெஷின் சத்தம் கேட்டது, கேட்டதற்கு லேப் என்றான். மேலாண்மைப் படிப்பில் என்ன லேப்? அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு, எனக்கே தெரிந்தது. திரும்பி வந்து எட்டு மாதம் பகலெல்லாம் தூங்கினான், ராத்திரியெல்லாம் விழித்திருந்தான், நாங்கள் நேர வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டோம். உங்கள் வரைவைப் படித்தேன். போகிறவர்களுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. பட்டம் வாங்கித் திரும்புகிறவர்களுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. பாதியில் நின்றவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான்? நூறு பக்கம் வேண்டாம், அங்கே முடியாமல் போனால் யாரிடம் சொல்லலாம் என்று ஒரு போன் நம்பர் போடுங்கள், போதும். எனக்கும் அப்படி ஆனால் நான் வீட்டில் சொல்ல மாட்டேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டேன்.’ முடிந்தது. இருமுறை படித்தேன். மூன்றாம் முறை பிழை பார்க்கிற மாதிரி படித்தேன், ஒரு பிழையும் இல்லை, அவள் எப்போதும் நன்றாக எழுதுவாள். லேப் என்று சொன்னது ஞாயிற்றுக்கிழமை இல்லை, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நடுவில் அவர்கள் கூப்பிட்ட நாள், வேலை இடத்தில் நின்றுகொண்டு எடுத்துவிட்டேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. அன்றைக்கு அவள் சிரித்தாள் என்பது ஞாபகம் இருக்கிறது. என் மேல் உள்ள பாசத்தில் சிரித்தாள் என்று நினைத்தேன், மடையன்.

இப்போது என்ன செய்ய? மேடத்திடம் போய் இதன் மீதிப் பகுதி வேறு மாதிரி இருக்கிறது, பெட்டி வேண்டாம் என்று சொல்லலாம். எங்கே காட்டு என்பார். காட்டினால் எண் இருக்கிறது, என் கோப்பில் அவசரத் தொடர்புக்கு அதே எண் இருக்கிறது, வேலை விண்ணப்பத்தில் பட்டம் என்ற இடத்தில் நான் எழுதியது இருக்கிறது, ஒப்பந்த ஆளிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, கேட்காததால் காட்டவில்லை. வேலை போனால் போகட்டும், இது என்ன பெரிய வேலை, வருஷத்தை மாற்றுகிற வேலை... இல்லை, அப்படி நினைக்கவில்லை நான், போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். அதைவிட, அவள் இதை யாருக்கு எழுதினாள்? பதிவு நேரம் பார்த்தேன், கருத்துச் சொல்லக் கடைசி நாள், இரவு எட்டே முக்கால். அந்த நாள் எனக்குத் தெரியும். அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன், நாடு முழுக்க உட்கார்ந்து எழுதி அனுப்புகிறான்கள், நாங்கள் முதல் இரண்டு வரிக்கு மேல் படிப்பதே இல்லை என்று, ஏதோ பெரிய ரகசியம் மாதிரி, எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம்தான் எழுதியிருக்கிறாள். படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதினாளா, அந்த ஒரு இடத்தில்தான் சொல்ல முடியும் என்றா? அல்லது என் மேஜைக்குத்தான் வரும் என்று தெரிந்து, இரண்டு வரி தாண்டிப் படிப்பேனா என்று பார்த்தாளா? படிக்கவில்லையே, ஒன்பது என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேனே. ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஐந்து வாரமாகக் கோட்டு, பேருந்து அட்டை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாலே கால். “என்னப்பா, நம்பர் கிடைச்சுதா? மேடம் ரெண்டு தடவை இந்தப் பக்கம் பாத்துட்டாங்க” என்றார் கமா. கிடைத்துவிட்டது என்று போனை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போனேன், தண்ணீர் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் போன உத்தியின் சுவரொட்டி, தொப்பி எறிகிற பசங்கள், ஒரு மூலை பிய்ந்திருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தாள். என்னண்ணா இந்த நேரத்துல என்றாள், பின்னால் ஒட்டுநாடா கிழிகிற சத்தம், பெட்டி கட்டுகிறாள். ஆபீஸ் விஷயமா கூப்பிட்டேன் என்றேன். என் குரல் எனக்கே அரசாங்கக் குரலாகக் கேட்டது. “நீ ஒரு கருத்து அனுப்பியிருக்கே இல்ல, அதைப் புத்தகத்துல போடணும்னு சொல்றாங்க. சம்மதமான்னு கேக்கச் சொன்னாங்க.” ஒட்டுநாடா நின்றது. “எவ்வளவு போடுவாங்க?” “முதல் ரெண்டு வரி.” “ம்.” அப்புறம், “நீ எவ்வளவு படிச்சே?” என்றாள்.

முழுசா, என்றேன். இன்னிக்குத்தான், என்றும் சேர்த்துச் சொன்னேன், எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஐந்து வாரம் தாமதம் என்பதை அவளே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும் என்றா. அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள், அவளுக்குத் திட்டுவது நன்றாக வரும். இரண்டும் இல்லை. கோட்டு விலை கேட்கிற அதே குரலில் கேட்டாள், “அண்ணா, உனக்கு எப்பத் தெரிஞ்சுது, முடியாதுன்னு? எத்தனை நாள்ல?” இந்த ஆவணத்தில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை, நூற்று நாற்பதுக்கு மேல் நானே தட்டியிருக்கிறேன், சதவீதம், இலக்கு, தரவரிசை, அவள் கேட்டது ஒரே ஒரு எண், அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, கிழமையோடு இருக்கிறது. ஐந்தாவது வாரம், செவ்வாய். சொல்ல வாயைத் திறந்தேன். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நீ நல்லாப் பண்ணுவே” என்றது வாய். நான் சொன்னேன் என்று சொல்ல முடியாது, யோசிக்கவே இல்லை, தூக்கத்தில் பக்கம் திருப்புகிற கை மாதிரி தானாக வந்தது. “சரிண்ணா” என்றாள். உடனே சொன்னாள், துள்ளலாக, ஒரு வருத்தமும் இல்லாமல், “போட்டுக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல.” வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டால் என்ன? பொத்தானுக்கு மேல் விரல் இருந்தது. அலைபேசியில் நாட்காட்டி திறந்திருந்தது, எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை, பத்தொன்பது நாள் எண்ணி, அங்கிருந்து வகுப்பு தொடங்குகிற திங்கள் எண்ணி, அதிலிருந்து ஐந்து வாரம். அந்த வாரத்தில்தான் உத்தி வெளியீட்டு விழா, மண்டபம்கூட எடுத்தாகிவிட்டது. மேடம் நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, “தம்பி, சம்மதம் கிடைச்சுதா?” என்று குரல் கொடுத்தார். “கிடைச்சுது மேடம்.” அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அந்தச் செவ்வாய்க்கிழமை வரும், அன்றோ மறுநாளோ அவள் வீட்டுக்குப் போன் செய்வாள், நன்றாக இருக்கிறேன் என்பாள், வீட்டில் அந்தக் குரலின் அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், போன் என் கைக்கு வரும், நான் என்ன கேட்பேன்? எனக்குத் தெரியும் என்ன கேட்பேன் என்று. சாப்பிட்டியா என்று கேட்பேன். தெரிந்துகொண்டு கேட்கிறவன் வேறு என்ன கேட்க முடியும்... சாப்பிட்டியா, தூங்கினியா, குளிர் எப்படி... தண்ணீர் குடிக்கலாம் என்று குவளையை எடுத்தவன் அப்படியே நின்றேன். நான் அங்கே இருந்த அத்தனை மாதமும் ஞாயிறு தவறாமல் போனை எடுத்தது அம்மா, சாப்பிட்டியா என்பாள், தூங்கினியா என்பாள். ஒரு ஞாயிறுகூட, ஒரே ஒரு ஞாயிறுகூட, படிச்சியா என்று அம்மா கேட்டதே இல்லை.